இன்சூரன்ஸ் ஏஜென்ட் தேர்வு: எழுதியவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. இன்சூரன்ஸ் ஏஜென்ட் உரிமத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். விண்ணப்பம், பயிற்சி வகுப்பு எல்லாம் பிரச்சினை இல்லை. அடிப்படைக் கொள்கைகள் பாடத்தில்தான் தலை சுற்றுகிறது.

இழந்த அளவுக்குத்தான் நஷ்டஈடு, அதில் லாபம் பார்க்கக் கூடாது. சரி. உயிருக்கு விலை போட முடியாது, அதனால் ஆயுள் காப்பீட்டுக்கு இது பொருந்தாது. அதுவும் புரிகிறது. ஒரே பொருளுக்கு இரண்டு கம்பெனியில் பாலிசி இருந்தால் இழப்பை அவை பங்கு போட்டுக்கொள்ளும். க்ளெய்ம் பணத்தைக் கம்பெனி கொடுத்த பிறகு, வண்டியை இடித்தவரிடம் நஷ்டத்தைக் கேட்கும் உரிமை கம்பெனிக்குப் போய்விடும். இங்கேதான் சந்தேகம்: அடிபட்டவரின் மருத்துவச் செலவைக் காப்பீட்டுக் கம்பெனி கொடுத்தால், அதற்கும் இதே உரிமை உண்டா? மாதிரித் தாள்களில் இப்படிக் குறுக்கே கேட்கிறார்கள். புத்தகமோ வண்டி உதாரணத்தோடு நின்றுவிடுகிறது.

அப்புறம், ஆயுள் காப்பீடு, பொதுக் காப்பீடு (வண்டி, வீடு போன்றவை) இரண்டுக்கும் சேர்த்தே எழுதலாமா, ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததா? ஏஜென்ட் கம்பெனியின் ஆள், புரோக்கர் வாடிக்கையாளரின் ஆள். எனக்குப் பிடித்தது புரோக்கர் வேலைதான். ஆனாலும் ஏஜென்டாகத் தொடங்கினால் தொழில் பழகும் என்று தோன்றுகிறது. இரண்டிலும் இருந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். கோச்சிங் சென்டர் விளம்பரம் மட்டும் வேண்டாம், ப்ளீஸ்.