புதுப்பிப்பு: 4294967297 பகா எண்ணா?

கோத்தகிரியில் மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகளிடம் இந்தக் கேள்வியைப் போட்டிருப்பதாக முன்பு எழுதியிருந்தேன். 2-இன் 32-ஆம் அடுக்கோடு ஒன்றைக் கூட்டினால் வரும் எண் இது. பகா எண் என்றே பதினேழாம் நூற்றாண்டுக் கணித மேதை பெர்மா நம்பினார். 1732-இல் கணித மேதை ஆய்லர் 641 இதை மீதியின்றி வகுப்பதைக் காட்டினார்.

விடை வந்துவிட்டது. தேயிலைத்தூள் கடைக் கால்குலேட்டர் எட்டு இலக்கத்தோடு கைவிரித்துவிட, ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி நோட்டிலேயே 641-ஆல் வகுத்துவிட்டாள். ஈவு 6700417, மீதி பூஜ்யம். சாரலில் மை கசிந்திருந்தும் ஓர் இலக்கம்கூடப் பிசகவில்லை.

"641-ஐ எப்படிப் பிடித்தார், சார்?" என்றாள். அதுதான் ருசியான இடம். இந்த எண்ணின் பகாக் காரணி எதுவானாலும் 64-ஆல் வகுக்க மீதி ஒன்று வர வேண்டும் என்று ஆய்லர் நிறுவினார். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, ஐந்தாவது 641. அவ்வளவுதான் வேலை!

வகுக்காமலே நிறுவ வழி கேட்டவர்களுக்கு: 641 என்பது 5 × 2⁷ + 1; அதுவே 625 + 16. ஆகவே 641-ஆல் வகுத்தால் வரும் மீதியை மட்டும் பார்க்கும் கணக்கில் 5 × 2⁷ என்பது −1 (641-க்கு ஒன்று குறைவு). நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 625 × 2²⁸ என்பது 1. 625-க்குப் பதில் −16 போடுங்கள்: −2³² என்பது 1. அதாவது 2³² + 1-இன் மீதி பூஜ்யம்.

6700417 பகா எண்தானா என்றும் சிலர் கேட்டார்கள். ஆம். சரிபார்க்க, 64-ஆல் வகுக்க மீதி ஒன்று வரும் பகா எண்கள் என்ற அதே சல்லடை போதும், வர்க்கமூலம் வரை, அதாவது 2588 வரை. வழியில் ராமானுஜனின் 1729 எட்டிப் பார்க்கும். அது 7 × 13 × 19, தள்ளிவிடலாம்.