குரூப்பில் யாரும் பேசல, மெயிலுக்கும் பதில் இல்ல: ஆன்லைன் வகுப்பில் குழு வேலையைக் கரை சேர்ப்பது

(புனைபெயரில் ஆறு பேர் சொன்ன யோசனைகள்)

கடைசி பெஞ்ச்

ஆன்லைன் எம்பிஏ, எம்சிஏ வகுப்புகளில் குழு வேலை என்றால் காட்சி ஒன்றுதான். ஐந்து பேர், ஒரு வாட்ஸ்அப் குரூப். முதல் நாள் ஹாய், கட்டைவிரல், கைகூப்பல். மூன்றாம் நாளிலிருந்து மயான அமைதி. பேராசிரியருக்குப் போட்ட மெயிலோ கிணற்றில் போட்ட கல்.

"யாராவது பகுதி 3 எழுதுங்க ப்ளீஸ்" என்று குரூப்பில் போடுவதுதான் முதல் தப்பு. டார்லி, லத்தானே என்ற இரண்டு உளவியலாளர்கள் 1968-இல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. வேறு அறையில் ஒருவருக்கு வலிப்பு வருவது இன்டர்காம் வழியாகக் கேட்கிறது. கேட்பது தான் மட்டுமே என்று நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர் அது முடிவதற்குள் எழுந்து போய்த் தகவல் சொன்னார்கள். இன்னும் நாலு பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தவர்களில் 31 சதவீதம்தான். வலிப்புக்கே இந்தக் கதி என்றால் பகுதி 3-க்கு யார் எழுந்து வரப் போகிறார்கள்?

அதனால் செய்தி இப்படி இருக்க வேண்டும்:

"கார்த்திக், பகுதி 3 (செலவுக் கணக்கு) உங்களுடையது. 300 வார்த்தை, ஒரு அட்டவணை. புதன் இரவு 9 மணிக்குள் கூகுள் டாக்ஸில் போட்டுடுங்க. வரலைன்னா வியாழக்கிழமை பிரியாவும் நானும் எழுதிடுவோம், யார் எழுதினதுன்னு பங்களிப்புப் பக்கத்துல அப்படியே குறிப்போம்."

பெயர், அளவு, நேரம், வராவிட்டால் என்ன நடக்கும் என்ற நாலும் இருக்கிறது. திட்டும் இல்லை, கெஞ்சலும் இல்லை. நாலாவதை விட்டுவிட்டால் மற்ற மூன்றும் வீண். பெயரை @ போட்டு எழுதுங்கள், குரூப்பை மியூட் செய்தவருக்கும் தனியாக அறிவிப்பு போகும். செய்தியை அழுத்திப் பிடித்து "இன்ஃபோ" பார்த்தால் யார் படித்தார்கள் என்று தெரியும். நீல டிக்கை அணைத்து வைத்திருப்பவர்கள்கூட குரூப்பில் தப்ப முடியாது.

ஒன்றைக் கவனியுங்கள். குரூப்பில் மறையும் செய்திகள் வசதியை யாராவது இயக்கியிருந்தால் அதன்பின் போட்டதெல்லாம் 24 மணி நேரத்திலோ 7 நாளிலோ 90 நாளிலோ காணாமல் போய்விடும். முதல் நாளே அணைத்துவிட்டு, அட்மின் மட்டும் மாற்றும்படி அமைத்துவிடுங்கள்.

நைட் ஷிப்ட்

பேசாதவங்க எல்லாரும் சோம்பேறி இல்லீங்க. வேலைக்குப் போய்க்கிட்டே படிக்கிறவங்க பாதிப்பேர். சிலருக்கு ஷிப்ட், சிலருக்கு வீட்ல கைக்குழந்தை, சிலருக்கு தினசரி டேட்டா ராத்திரி எட்டு மணிக்கே தீந்துடும். பலருக்குப் பாடம் புரியல, அதைச் சொல்ல வெக்கம். "ஏன் பதில் போடல?"ன்னு குரூப்ல கேட்டா எல்லாரும் இன்னும் உள்ள ஒதுங்கிக்குவாங்க. தனியா ஒரு போன் போடுங்க. "உங்களுக்கு எந்த நேரம் தோதுப்படும், எது வேணும்?"னு ரெண்டு நிமிஷம். இருபது மெசேஜ் செய்யாததை அது செஞ்சிடும்.

தேர் வடத்தைப் பிடிச்சவங்க எல்லாரும் இழுக்கிறாங்கன்னு அர்த்தமில்ல. எட்டு பேர் சேர்ந்து கயிறு இழுத்தா ஆளுக்குப் பாதி பலம்தான் வருதுன்னு ரிங்கெல்மான் 1913-லேயே எழுதி வச்சிருக்கார். அதுக்கு சோம்பல் மட்டும் காரணமில்லன்னும் சொன்னார், ஒரே நேரத்துல எல்லாரும் இழுக்கிறதே கஷ்டம். ஆன்லைன்ல அது பத்து மடங்கு கஷ்டம். அதனால சேர்ந்து எழுதுற மாதிரி வேலையைப் பிரிக்கவே கூடாது. ஒருத்தர் வேலை இன்னொருத்தருக்காகக் காத்திருக்காத மாதிரி பிரிக்கணும்.

இதுல வழக்கமா நடக்கிற கோளாறு என்னன்னா, பேசாத ஆளுக்கு "சின்ன வேலைதானே"ன்னு சர்வே கேள்வித்தாள் தயாரிக்கிறதைக் குடுப்பாங்க. கேள்வித்தாள் வராம தரவு கிடையாது, தரவு வராம பகுப்பாய்வு கிடையாது. மூணு வாரத்துல ரெண்டு வாரம் அங்கேயே போயிடும். இப்படி வேர் மாதிரி இருக்கிற வேலையை உறுதியான ஆள் எடுத்துக்கணும். பேசாதவருக்கு நுனியில இருக்கிறது: முந்தைய ஆய்வுகள் நாலு சுருக்கம், ஸ்லைடு, மேற்கோள் பட்டியல். அது வராட்டியும் மரம் விழாது.

கெடு 20-ஆம் தேதின்னா குழுவுக்கு 16-ன்னு சொல்லுங்க. 17-ஆம் தேதி காலைல வராத பகுதியைப் பிரிச்சு எழுத ஆரம்பிச்சிடணும். "இன்னிக்கு ராத்திரி கண்டிப்பா"ன்னு வர்றதை நம்பி 19 வரை போனா கதை முடிஞ்சுது.

மூடில்காரன்

வேர்டு கோப்பை வாட்ஸ்அப்பில் மாற்றி மாற்றி அனுப்பும் குழுவில் யார் என்ன செய்தார் என்பதற்குச் சாட்சியே இருக்காது. கூகுள் டாக்ஸ் போதும். ஆனால் அதிலும் மூன்று ஓட்டைகள்.

லிங்க் வைத்திருக்கும் யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று பகிர்ந்தால், லாகின் செய்யாமல் வருபவரின் திருத்தம் பெயரில்லாமல் அநாமதேயமாகப் பதிவாகும். அது சாட்சிக்கு உதவாது. ஒவ்வொருவரின் மெயில் முகவரிக்கும் தனித்தனியாகப் பகிருங்கள். இரண்டாவது, மற்றவர்கள் அனுப்பியதை எல்லாம் நீங்களே எடுத்து ஒட்டினால் வரலாற்றில் அத்தனையும் உங்கள் நிறத்தில்தான் தெரியும். அவரவர் பகுதியை அவரவரே ஒட்டட்டும். மூன்றாவது, "மேக் எ காபி" போட்டால் பிரதி புதுக் கோப்பு, பழைய வரலாறு அதில் வராது. மூலக் கோப்பை அழித்துவிடாதீர்கள்.

பதிப்பு வரலாற்றைத் திறக்க கண்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட், ஹெச். ஒவ்வொரு உள்கெடு அன்றும் அந்தப் பதிப்புக்குத் தேதியோடு பெயர் வைத்துவிடுங்கள். பார்வையாளர் அனுமதி மட்டும் உள்ளவருக்கு வரலாறு தெரியாது. பேராசிரியர் பார்க்க வேண்டுமென்றால் அவருக்குத் திருத்தும் அனுமதி கொடுக்க வேண்டும்.

இனி மூடில், அதாவது பல கல்லூரிகள் அசைன்மெண்ட் வாங்கும் இணையத் தளம். குழு அசைன்மெண்டில் "எல்லா உறுப்பினரும் சமர்ப்பிக்க வேண்டும்" என்று ஓர் அமைப்பு உண்டு. பேராசிரியர் அதை இயக்கியிருந்தால், நீங்கள் கோப்பை ஏற்றி பட்டனை அழுத்தினாலும் மற்ற நாலு பேரும் அழுத்தும் வரை நிலை "டிராஃப்ட்" என்றே நிற்கும். அவர் தெரிந்து வைத்ததா, தெரியாமல் பட்டதா என்பதை முதல் வாரமே கேட்டுவிடுங்கள். பேசாத குழுவுக்கு இதைவிடப் பெரிய கண்ணிவெடி இல்லை.

நல்ல செய்தியும் உண்டு. மதிப்பெண் இடும் பக்கத்தில் "குழு முழுவதற்கும் பொருத்துக" என்ற தேர்வை "நோ" என்று மாற்றினால் ஒவ்வொருவருக்கும் தனி மதிப்பெண் போடலாம். "சிஸ்டத்தில் வழியில்லை" என்று பதில் வந்தால் பணிவாக இதைச் சுட்டிக்காட்டுங்கள். பல பேருக்கு அது அங்கே இருப்பதே தெரியாது.

சாக்பீஸ்

ஆசிரியர் பக்கத்திலிருந்து கொஞ்சம். மெயிலுக்குப் பதில் வராததற்குப் பாதிக் காரணம் மெயிலிலேயே இருக்கும். நூற்றுக்கு மேல் மாணவர்கள் உள்ள பாடத்தில் "சார், எங்க குழுவில் யாரும் ஒத்துழைக்க மாட்டேங்கிறாங்க, என்ன செய்யறதுன்னு தெரியல" என்று வரும் மெயிலில் பாடக் குறியீடும் இல்லை, குழு எண்ணும் இல்லை, கேள்வியும் இல்லை. அப்புறம் பார்க்கலாம் என்று நகர்த்தினால் அது நகர்ந்ததுதான்.

ஆங்கிலத்தில் எழுதினாலும் கட்டமைப்பு இதுதான்:

பொருள்: (பாடக் குறியீடு), குழு 7, பணிப் பிரிப்பு பற்றி, 12-ஆம் தேதிக்குள் பதில் தேவை

"ஐந்து பேரில் இருவர் 1-ஆம் தேதி முதல் தொடர்பில் இல்லை (பதிவெண்கள் கீழே). 2, 4, 6 தேதிகளில் செய்தியும் அழைப்பும் அனுப்பினோம். (அ) மூவர் மட்டும் எழுதி, பங்களிப்புப் பக்கம் இணைக்கிறோம். (ஆ) எங்களை வேறு குழுவுடன் சேர்க்கலாம். எது சரி? 12-ஆம் தேதி மாலை 5 மணிக்குள் தங்கள் பதில் வராவிட்டால் (அ)-வின்படி தொடர்கிறோம்."

இதற்கு "அ" என்று ஓர் எழுத்து போனிலிருந்தே அனுப்பிவிடலாம். ஆனால் "பதில் வராவிட்டால்" என்ற வரியை உங்கள் அதிகாரத்துக்குள் உள்ளதற்கு மட்டும் போடுங்கள். "பதில் வராவிட்டால் கெடு ஒரு வாரம் நீட்டிக்கப்பட்டதாகக் கொள்கிறோம்" என்று எழுதினால் பதில் வரும். நீங்கள் விரும்புகிற பதிலாக இருக்காது.

இரண்டு வேலைநாள் பொறுங்கள். இரண்டாவது மெயிலை அதே இழையில் ரிப்ளையாகப் போடுங்கள், புதிதாக அல்ல. முதல் மெயிலிலேயே துறைத்தலைவரை சிசி போட்டால் அது புகார் ஆகிவிடும், உதவி கேட்டதாக இருக்காது. மூன்றாவதில் ஒருங்கிணைப்பாளரைச் சேர்க்கலாம். நடுவில் நேரலை வகுப்பு இருந்தால் முதல் ஐந்து நிமிடத்தில் மைக்கைத் திறந்து கேளுங்கள். சாட்டில் போட்டால் பாட ஓட்டத்தில் மேலே போய்விடும். வாய்மொழியாக ஒப்புக்கொண்டால் அன்று மாலையே "இன்று வகுப்பில் தாங்கள் சொன்னபடி" என்று மெயில் போட்டுவிடுங்கள். மெயிலில் இல்லாத சம்மதம் மதிப்பெண் போடும் நாளில் யாருக்கும் நினைவிருக்காது.

ஸ்கார்பரோ

கனடாப் பக்கம் படிக்கிற பிள்ளையளுக்கு ஒரு சொல். இங்க நிறைய இடத்தில கேன்வாஸ்தான், மூடில் மாதிரி ஒரு தளம். குழு அசைன்மெண்டில ஒராள் போட்டாலே எல்லாருக்கும் போட்டதாக் கணக்கு. ஆபத்து வேற மாதிரி: இவ்வளவு நாளும் கதைக்காத ஒருவர் கடைசி நிமிசத்தில முழிச்சு, தன்ர பழைய கோப்பைத் திருப்பி ஏத்தினா அதுதான் புதுச் சமர்ப்பிப்பா நிக்கும். கெடு தாண்டி ஏத்தினா முழுக் குழுவுக்கும் "லேட்" விழும். ஆர் ஏத்துறது எண்டதை ஒராளுக்கு மட்டும் ஒதுக்கி, எழுத்தில சொல்லிப் போடுங்கோ.

கோர்ஸ் அவுட்லைனைத் திருப்பி ஒருக்கா வாசியுங்கோ. சக மதிப்பீட்டுப் படிவம் இருக்கோ எண்டு பாருங்கோ. பாடத்தில டிஏ (பேராசிரியருக்கு உதவுற ஆள்) இருந்தா முதல்ல அவரிட்டப் போறதுதான் கெதியான வழி. பெறுபேற்றில விழாமப் பாடத்தை விடுற கடைசித் திகதியையும் நாட்காட்டியில குறிச்சு வையுங்கோ. குழு குலையுறது அதுக்குப் பிறகுதான் தெரியவரும் எண்டால், முன்னமே யோசிக்க வேணும்.

விதிப் புத்தகம்

இந்தியாவில் மேல்முறையீடு பற்றி. யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) மாணவர் குறைதீர்ப்பு விதிகள் 2023 ஏப்ரலில் வந்தன. நிறுவனத்தின் இணைய வாயிலில் புகார் போட்டால், 15 நாளுக்குள் அதை மாணவர் குறைதீர்ப்புக் குழுவுக்கு அனுப்ப வேண்டும். குழு 15 வேலைநாளில் பரிந்துரையோடு அறிக்கை தர வேண்டும். அதில் திருப்தி இல்லையென்றால் முடிவு கைக்கு வந்த 15 நாளுக்குள் குறைகேள் அதிகாரியிடம் (ஓம்புட்ஸ்பர்சன்) மேல்முறையீடு. அவர் 30 நாளில் தீர்க்க முயல வேண்டும். கூட்டிப் பாருங்கள், ஒரு செமஸ்டரில் கணிசமான பகுதி போய்விடும். கெடுவுக்கு மூன்று நாள் முன்னால் எடுக்கிற ஆயுதம் இல்லை இது.

"குழுவில் வேலை செய்யவில்லை", "மெயிலுக்குப் பதில் இல்லை" என்று தலைப்பிட்டால் நிற்காது. மதிப்பீடு வெளிப்படையாகவோ நியாயமாகவோ நடக்கவில்லை என்றால் நிற்கும். உதாரணமாக, தனிப் பங்களிப்புக்கு மதிப்பெண் என்று அறிவித்துவிட்டு எல்லாருக்கும் ஒரே எண் போட்டிருந்தால். அறிவிப்பின் ஸ்கிரீன்ஷாட், தேதியிட்ட மெயில்கள், பதிப்பு வரலாறு, மூன்றும் வேண்டும். வெறும் மறுமதிப்பீடு கேட்டு குறைகேள் அதிகாரியிடம் போனால் எடுக்க மாட்டார். முடிவைப் பாதித்த குறிப்பான முறைகேட்டையோ பாகுபாட்டையோ காட்ட வேண்டும்.

இன்னொரு கணக்கு. யுஜிசி விதிப்படி ஆன்லைன் பட்டங்களில் அகமதிப்பீடு 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதற்குள் குழு வேலை 10 என்றால், அந்தப் பத்துக்காக இறுதித் தேர்வின் 70-ஐ அடகு வைக்காதீர்கள்.

நைட் ஷிப்ட்

அப்போ மொத்தத்தையும் ஒருத்தரே எழுதிட்டுப் போயிடலாம்னு தோணும். பத்து மார்க், பத்து பக்கம்னா பல நேரம் அதுதான் லாபம், மறுக்கல. ஆனா பங்களிப்புப் பக்கத்தை மட்டும் பொய்யா எழுதாதீங்க. அஞ்சு பேரும் சமம்னு போட்டுட்டு அப்புறம் புகார் சொன்னா உங்க கையெழுத்தே உங்களுக்கு எதிரா நிக்கும்.

மூடில்காரன்

கடைசி நாள் இரவு 11.59 வரை வைக்காதீர்கள். மாலை 6 மணிக்கே ஏற்றிவிட்டு நிலையைப் பாருங்கள். "சப்மிட்டெட் ஃபார் கிரேடிங்" என்று இருக்க வேண்டும். டிராஃப்ட் என்று இருந்தால் கீழேயே இன்னும் அழுத்தாதவர்கள் பட்டியல் தெரியும். அவர்களுக்கு அப்போதே போன். எடுக்கவில்லை என்றால், தேதியும் நேரமும் தெரியும்படி அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பிடிஎஃப்பையும் சேர்த்து, கெடு முடிவதற்குள் பேராசிரியருக்கு மெயிலில் அனுப்பிவிடுங்கள்.