வீட்டில் நீச்சல் குளம்: கட்டியவர்களும் கட்டாதவர்களும்

நீலாங்கரையிலிருந்து:
கட்ட எவ்வளவு ஆகும் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அதற்கு அப்புறம் ஆவதைச் சொல்கிறேன். எங்கள் குளம் 20-க்கு 10 அடி, சராசரி ஆழம் 4 அடி. நிரப்ப ஏறக்குறைய 22,600 லிட்டர் வேண்டும். அதாவது 12,000 லிட்டர் லாரி இரண்டு. போர் தண்ணீர் விட்டால் என்ன என்று தோன்றும். எங்கள் பக்கத்துப் போரில் உப்போடு இரும்பும் அதிகம். குளோரின் போட்டதும் தண்ணீர் காபி டிக்காஷன் மாதிரி ஆகிவிடுகிறது. ஆகவே லாரிதான். அக்னி நட்சத்திர வெயிலில் தினமும் அரை சென்டிமீட்டர் போல ஆவியாகும். கேட்கச் சின்னதாக இருக்கும். எங்கள் குளத்துக்கு அது 90 லிட்டருக்கு மேல்.

கரண்ட்: தண்ணீரைச் சுற்றவிட்டு வடிகட்டும் 1 எச்பி மோட்டார் தினம் 6 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 270 யூனிட். ஏசி இருக்கும் வீட்டில் இதுவும் சேர்ந்தால் 500-ஐத் தாண்டும். தாண்டினால் கீழ் அடுக்கு யூனிட்டுகளுக்கும் விலை ஏறும்.

2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது குடிநீர் லாரிக்கே ஜனங்கள் நாள்கணக்கில் காத்திருந்தார்கள். தெருவே குடத்தோடு நிற்கையில் குளத்துக்கு லாரி கூப்பிட மனசு வருமா? அப்படியே விட்டோம். சரி, காலியாகவே கிடக்கட்டும் என்றும் இருக்க முடியாது. ஐப்பசி மழையில் நிலத்தடி நீர் ஏறினால் வெறும் தொட்டியைக் கீழிருந்து தூக்கும், விரிசல் விடும்.

பலன்? பிள்ளைகளுக்கு முதல் வருஷத்து ஆசையோடு சரி, இப்போது விருந்தாளி வந்தால்தான் இறங்குகிறார்கள். அப்பாவுக்கு மூட்டுத் தேய்மானம். மார்பளவுத் தண்ணீரில் உடம்பின் எடை முழங்காலில் பாதிகூட விழாது. தினமும் காலையில் நடக்கிறார். அவருக்காக இல்லையென்றால் எப்போதோ மண் போட்டு மூடியிருப்போம்.

சிட்னியிலிருந்து:
நாங்கள் வாங்கிய வீட்டிலேயே குளம் இருந்தது. இங்கே நியூ சவுத் வேல்ஸில் வேலி 1.2 மீட்டர் உயரம் இருக்க வேண்டும், கதவு தானாகச் சாத்திப் பூட்டிக்கொள்ள வேண்டும். வேலியை ஒட்டி நாற்காலி, பூந்தொட்டி வைக்கக்கூடாது, குழந்தை ஏறிவிடும். குளத்தை அரசிடம் பதிய வேண்டும். வீட்டை விற்க, வாடகைக்கு விட அதற்குச் சான்றிதழும் வேண்டும். முதலில் எரிச்சலாக இருந்தது. ஊருக்கு வரும்போது பண்ணை வீடுகளில் வேலியே இல்லாத குளங்களைப் பார்த்தால் இப்போது வயிற்றைக் கலக்குகிறது. மற்றபடி ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குளிரில் ஒருவரும் இறங்குவதில்லை. மோட்டார் மட்டும் ஓடுகிறது.

வேளச்சேரியிலிருந்து:
நாங்கள் மதிப்பீடு வாங்கியதோடு விட்டுவிட்டோம். 1995 தெற்காசிய விளையாட்டுக்காகக் கட்டிய நீச்சல் வளாகம் பக்கத்திலேயே இருக்கிறது. மகள் அங்கேதான் பழகினாள். பயிற்சியாளர், கூடப் போட்டி போடப் பிள்ளைகள், இதெல்லாம் வீட்டுக் குளத்தில் கிடைக்காது. நீலாங்கரை அண்ணா, சுத்தம் செய்ய ஆள் வைத்திருக்கிறீர்களா?

நீலாங்கரையிலிருந்து:
வாரம் ஒரு தடவை ஆள் வருவார். குளோரின் போடுவது, தண்ணீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஹெச் 7.2-லிருந்து 7.8-க்குள் இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. குளோரினைச் சாயங்காலம்தான் போடுவேன், பகலில் போட்டால் வெயிலே பாதியைத் தின்றுவிடும். அப்புறம் வலையால் இலை அள்ளுவது. பக்கத்து வீட்டு வேப்பமரம் பங்குனியில் என்னை ஒரு நாளும் சும்மா விட்டதில்லை.