ஃப்ளோட்டில் சைன் எழுதும்போது துல்லியம் எங்கே தொலைகிறது?

கேள்வி
கணித நூலகம் ஒன்றுக்காக 32 பிட் ஃப்ளோட்டில் (பின்ன எண்களைச் சுமார் ஏழு இலக்கத் துல்லியத்தில் வைக்கும் வகை) சைன் எழுதுகிறேன். கோணத்தை மைனஸ் பை முதல் பை வரைக்குள் கொண்டுவந்து, டெய்லர் தொடரை (சைனைக் கோணத்தின் அடுக்குகளின் கூட்டலாக எழுதும் சூத்திரம்) ஏழாம் அடுக்கு வரை போடுகிறேன். 90 டிகிரிக்கு 1 வரவேண்டிய இடத்தில் 0.99984 வருகிறது. 1000 ரேடியனுக்கு 0.82688 வரவேண்டும், வருவதோ 0.82686. அடுக்கைக் கூட்டினால் வேகம் அடிவாங்குகிறது. பேசாமல் சைன் மதிப்புகளை முன்பே கணக்கிட்டு அட்டவணை போட்டுவிடலாமா?

பதில் 1
இவை இரண்டும் வெவ்வேறு பிழைகள். முதலாவது, நீங்கள் எடுத்த வீச்சு பெரியது. கோணத்தை பை/2-ஆல் வகுத்து, கிட்டிய முழு எண்ணை 'கே' என்று வையுங்கள். மீதி ±பை/4-க்குள் அடங்கிவிடும். கே-யின் கடைசி இரண்டு பிட்டுகள் 0 என்றால் மீதியின் சைன், 1 என்றால் காஸ், 2 என்றால் மைனஸ் சைன், 3 என்றால் மைனஸ் காஸ். சி மொழியில் இதற்கு சதவீதக் குறியைப் போடாதீர்கள். கே எதிர்மறையானால் விடையும் எதிர்மறையாக வந்து கிளை தவறும். பிட் அளவில் 3-உடன் 'அண்ட்' செய்வதே சரி.

அடுத்து, டெய்லர் கெழுக்களை (அடுக்குகளைப் பெருக்கும் எண்களை) விடுங்கள். டெய்லர் 0-இல் மட்டும் கச்சிதம், ஓரத்தில் பிழை மொத்தமாகக் குவியும்: பை/4-இல் ஏறக்குறைய 0.0000003. ரெமெஸ் முறையில் கிடைக்கும் மினிமேக்ஸ் (உச்சப் பிழையை ஆகக் குறைவாக்கும்) கெழுக்கள் பிழையை வீச்சு முழுக்கப் பரப்பிவிடும். மூன்று, ஐந்து, ஏழாம் அடுக்குகளுக்கு −0.16666654611, 0.0083321608736, −0.00019515295891. பெருக்கல் எண்ணிக்கை அதேதான், தோராயப் பிழையோ 0.00000001-க்கும் கீழே.

பதில் 2
1000 ரேடியன் சிக்கலுக்குக் கெழுவில் மருந்து இல்லை. ஃப்ளோட்டில் பை/2-இன் பிழை 0.000000044 தான்; ஆனால் கே = 637-ஆல் பெருக்கியதும் 0.000028 ஆகிவிடுகிறது. போதாததற்குப் பெருக்கலின் ரவுண்டிங்கும் சேரும். கோடி–வெய்ட் (Cody–Waite) முறையில் பை/2-ஐ மூன்றாக உடையுங்கள்: 1.5703125, 0.0004837512969970703125, 0.0000000754978995. முதல் துண்டு 201/128, எட்டே பிட். அதனால் 637 × 1.5703125 = 1000.2890625 என்று ஒரு பிட்டும் சிந்தாமல் வரும். 1000-இலிருந்து துண்டு துண்டாகக் கழித்தால் மீதி −0.59726017. கே 8192-ஐத் தாண்டாதவரை இது நிற்கும். அதற்கு மேல், 2/பையை மிக நீளமான பிட்டுகளில் வைத்துக் கணக்கிடும் பேய்ன்–ஹானெக் முறைதான்.

கவனம்: கம்பைலரில் ஃபாஸ்ட்-மேத் (வேகத்துக்காகக் கணக்கின் வரிசையை மாற்ற அனுமதிக்கும் தேர்வு) போட்டிருந்தால் மூன்று துண்டுகளையும் அது ஒன்றாகக் கூட்டிவிடலாம். உடைத்ததற்கே அர்த்தமில்லாமல் போகும். அந்தக் கோப்புக்கு மட்டுமாவது அதை அணைத்துவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்
நன்றி. அப்போது அட்டவணை எதற்குமே உதவாதா?

பதில் 2
முழு வட்டத்துக்கு 1024 மதிப்புகள் வைத்து நேர்கோட்டு இடைச்செருகல் (அடுத்தடுத்த இரு மதிப்புகளுக்கு இடையே நேர்கோடு போட்டு மதிப்பிடுதல்) செய்தால் 4 கேபி ஆகும், பிழை 0.0000047 வரை போகும். கேச்சிலும் இடம் பிடிக்கும். மிதவைப் புள்ளி அலகு இல்லாத மைக்ரோகன்ட்ரோலர் என்றால் அட்டவணையோ கார்டிக்கோ (பெருக்காமல், பிட் நகர்த்தியும் கூட்டியும் சைன் காணும் முறை) எடுபடும். உங்களுடையதில் பெருக்கல் மலிவு, பல்லுறுப்புக்கோவையே போதும்.