4 ஜிபி நினைவகமுள்ள மடிக்கணினிக்கு லினக்ஸ் மின்டின் எந்த மேசைச்சூழல் பொருந்தும்?

கேள்வி:
வணக்கம். விண்டோஸ் மட்டுமே பழகிய என் தந்தையாரின் பழைய மடிக்கணினியில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவ விரும்புகிறேன். திரையின் தோற்றத்தையும் பட்டிகளையும் தரும் மேசைச்சூழல்களான சின்னமன், மாத்தே, எக்ஸ்எஃப்சிஇ ஆகிய மூன்றில் எதைத் தேர்ந்தெடுக்கலாம்? அவர் செய்தித்தளங்களை வாசிப்பார், தமிழில் கடிதங்கள் தட்டச்சு செய்வார்.

மறுமொழி 1:
எக்ஸ்எஃப்சிஇயைப் பரிந்துரைக்கிறேன். 1996இல் தொடங்கப்பட்ட இச்சூழல் குறைந்த நினைவகத்தையே எடுத்துக்கொள்வதால், அதிகம் விழுங்கும் உலாவிக்குக் கூடுதல் இடம் எஞ்சும். சாளர நிழல் போன்ற காட்சி விளைவுகளையும் அணைத்துவிடலாம்.

மறுமொழி 2:
நான் சற்று மாறுபடுகிறேன். க்னோம் 3 என்ற மற்றொரு மேசைச்சூழல் பழைய பணிப்பட்டை அமைப்பைக் கைவிட்டபோது, அதை விரும்பியோருக்காக மின்ட் குழுவினர் 2011இல் உருவாக்கியதே சின்னமன்; அதன் அமைப்புகள் ஒரே இடத்தில் தெளிவாக இருப்பது புதியவருக்குப் பேருதவி. எனினும் வன்தட்டு பழையதெனில், முதலில் எஸ்எஸ்டி என்னும் வேகமான சேமிப்பகத்தைப் பொருத்துங்கள். எந்தச் சூழலை மாற்றுவதையும்விட அதுவே வேகத்தை உயர்த்தும்.

மறுமொழி 3:
தமிழ்த் தட்டச்சைப் பற்றிக் கவலை வேண்டாம். ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருள் வழியாகத் தமிழ்99 விசைப்பலகை மூன்றிலும் இயங்கும். நிறுவுவதற்கு முன், யூஎஸ்பியிலிருந்தே எக்ஸ்எஃப்சிஇ, சின்னமன் இரண்டையும் இயக்கித் தந்தையாரிடம் காட்டுங்கள். அவ்வாறு இயக்கும்போது வேகம் குறைவாகத் தெரியும் என்பதால், எழுத்தின் அளவையும் பட்டியின் அமைப்பையும் மட்டும் அவர் மதிப்பிடட்டும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. வரும் ஞாயிறன்று இரண்டையும் அவரிடம் காட்டுகிறேன்.