மூணு வயசுப் பையன் திடீர்னு திக்கறான், காத்திருக்கலாமா?

சின்னவன் அம்மா:
பையனுக்கு மூணு வயசு. கடகடன்னு பேசிட்டிருந்தவன், போன மாசத்துலேர்ந்து "நா நா நா நான்தான் போடுவேன்"னு முதல் எழுத்துலயே மாட்டிக்கிறான். சில நாள் சுத்தமா இல்ல. தூக்கம் வர்ற நேரத்துலயும் அக்காவை முந்திக்கிட்டுப் பேசறப்பவும் ஜாஸ்தி. அவன் அதைக் கண்டுக்கல. தாத்தாதான் ஒவ்வொரு தடவையும் "மூச்சு விட்டுட்டு நிதானமா சொல்லு"ங்கறார். அது சரியா? இப்பவே யார்கிட்டயாவது காட்டணுமா?

இரவுப்பணி அப்பா:
என் பொண்ணுக்கும் இருந்துச்சு, தானா போயிடுச்சு. விடுங்க.

பேச்சுப் பயிற்சியாளர்:
தானா போறது உண்மைதான், ஆனா எல்லாருக்கும் போறதில்ல. 2 வயசுலேர்ந்து 5 வயசுக்குள்ள திக்கல் ஆரம்பிக்கறது சகஜம், பெரும்பாலான குழந்தைகளுக்கு நின்னுடும். நீங்க கண்டிச்சதாலயோ பயந்ததாலயோ வந்ததில்ல இது.

தாத்தா நல்ல மனசோடதான் சொல்றார். ஆனா அதையே திரும்பத் திரும்பக் கேட்டா, பேசறதுன்னாலே பரீட்சைன்னு பிள்ளைக்குத் தோணிடும். அவன் பேசறப்ப கைவேலையை வெச்சுட்டு முகத்தைப் பாருங்க. முடிச்சதும் ஒரு நொடி விட்டு, நீங்க மெதுவாப் பதில் சொல்லுங்க. அடுக்கடுக்கா கேள்வி கேக்காதீங்க.

கண்ணை இறுக்கிக்கறது, சத்தமே வராம வாய் திறந்தபடி நிக்கறது, பாதியில பேச்சை விட்டுடறது, இதுல எது இருந்தாலும் உடனே காட்டுங்க. 6 மாசம் தாண்டியும் தொடர்ந்தாலும் அப்படித்தான். ஆண் குழந்தைகளுக்கு நீடிக்கற வாய்ப்பு கூடுதல். குடும்பத்துல பெரியவங்க யாருக்காவது இருக்கா?

6 வயசுக்குள்ள இருக்கறவங்களுக்கு ஆஸ்திரேலியாவுல உருவான லிட்கோம்ப் முறைன்னு ஒண்ணு உண்டு. பயிற்சியாளர் வழிகாட்ட, பெத்தவங்களே வீட்ல தினமும் கொஞ்ச நேரம் செய்யறது.

நாப்பது தாண்டினவன்:
நான் இன்னும் திக்கறவன். தயவுசெஞ்சு அவன் வார்த்தையை நீங்க முடிச்சு வைக்காதீங்க. எனக்கு முடிச்சு வைக்கறவங்க பாதி நேரம் தப்பான வார்த்தையைச் சொல்வாங்க. அதைத் திருத்த நான் மறுபடி முதல்லேர்ந்து திக்கணும்! அப்புறம் அந்த அக்கா. ஒருத்தர் முடிச்சப்புறம்தான் அடுத்தவர்னு வீட்ல முறை வெச்சுடுங்க, பெரியவங்களுக்கும் சேர்த்து. பந்தயம் இல்லேன்னா பாதி அவசரம் குறையும்.

சின்னவன் அம்மா:
அவன் சித்தப்பாவுக்கு இருக்கு, இன்னும் போகல. அப்போ காத்திருக்கல, நேரம் வாங்கிடறேன். தாத்தாவையும் கூட்டிட்டுப் போறேன். நான் சொன்னா கேக்க மாட்டார், அங்க சொன்னா கேப்பார்.