எலி ஏஜென்ட்: பசிக்கும் தாகத்துக்கும் நடுவில் அல்லாடுகிறது, பயமும் இறங்கவில்லை

கேள்வி:
பைத்தான் நிரலில் எழுதிய எலி, தானே முடிவெடுக்கும் ஏஜென்ட். பசி, தாகம், பயம் மூன்றும் 0 முதல் 1 வரை. நொடிக்கு 10 படி, படிக்கு ஒரு முடிவு. எந்த எண் பெரியதோ அந்தச் செயல். பசியும் தாகமும் நெருங்கினால் தீனிக்கும் தண்ணீருக்கும் நடுவிலேயே போய்வந்து கொண்டிருக்கிறது. பூனை ஒருமுறை வந்த மூலையின் பயம் 1,000 படி கழிந்தும் அப்படியே நிற்கிறது. எதை மாற்றலாம்?

பதில் 1:
ஒவ்வொரு படியிலும் புதிதாக முடிவெடுப்பதுதான் கோளாறு. பசி 0.62, தாகம் 0.61. ஒரு வாய் தின்றதும் பசி 0.60, உடனே தண்ணீர்ப் பக்கம் திரும்பிவிடும். நடக்கிற செயலுக்கு 0.1 கூட்டிக் கொடுங்கள். பசி ஏறக்குறைய 0.5க்கு இறங்கும்வரை தின்னும். பயத்தோடு ஒப்பிடும்போது மட்டும் இந்த 0.1ஐக் கூட்டக் கூடாது. கூட்டினால், பூனை பக்கத்தில் வந்தும் தின்றுகொண்டிருக்கும்.

பசியைத் தீனியின் அருகாமையால் பெருக்குவதும் நல்லது. வெறுமனே பெருக்கினால், தீனி கண்ணில் படாதபோது மதிப்பு 0 ஆகி, பட்டினியிலும் தேடாமல் நிற்கும். பசி × (0.2 + அருகாமை) என்று வையுங்கள்.

பதில் 2:
பயம் இரண்டு வகை: அப்போதைய பதற்றம், இடத்தோடு சேர்த்துக் கற்ற பயம். பதற்றம் தானாக வடிய வேண்டும்: அரை ஆயுள் (பாதியாகக் குறைய ஆகும் நேரம்) 20 நொடி என்றால் 200 படி, படிக்கு 0.9965ஆல் பெருக்குங்கள். படி வேகத்தை மாற்றினால் இந்த எண்ணையும் மாற்ற வேண்டும், பலர் மறப்பது இதைத்தான். 1996இல் வந்த கிரியேச்சர்ஸ் கணினி விளையாட்டின் செயற்கை உயிர்களான நார்ன்களுக்கும் ஒவ்வொரு ரசாயனத்தின் அரை ஆயுளும் மரபணுவில்தான் இருந்தது.

மூலையின் பயம் கற்றது. விலங்குகள் தொடர்புகளைக் கற்பதை விளக்கும் ரெஸ்கார்லா-வாக்னர் விதிப்படி, மாற்றம் = கற்றல் வேகம் × (நடந்தது − எதிர்பார்த்தது). பூனை இல்லாமல் அங்கே நின்றால்தான் குறையும். உங்கள் எலி அங்கே போகிறதா? எத்தனை முறை போனது என்று முதலில் அச்சிட்டுப் பாருங்கள். 0 என்றால், பசி 0.8ஐத் தாண்டும்போது பயத்தின் மதிப்பைப் பாதியாக்குங்கள்.

கேட்டவர்:
0தான் வந்தது! பாதியாக்கியதும் போகிறது, பயமும் இறங்கியது. ஆனால் இப்போது பூனையையே அறியாத எலிபோல நடக்கிறதே?

பதில் 3:
மூலையின் பயத்தைக் கற்று வைத்திருந்த எண்ணை, அதாவது எடையை, அழித்துவிட்டீர்கள். பாவ்லோவின் நாய்களில், சைகைக்குப் பின் தீனி வராமல் போனதால் அணைந்த எச்சில் சுரப்பு, இடைவெளி விட்டதும் தானாகத் திரும்பியது. பழையது அழியவில்லை, அடக்கப்பட்டிருந்தது. நிஜ எலியில் பயம் மூளையின் அமிக்டலா என்ற பகுதியில், அதை அடக்குவதில் மூளையின் முன்பக்கப் புறணிக்குப் பெரிய பங்கு. ஆகவே இரண்டு எடை வையுங்கள்: பயம், அடக்கம். பூனை வந்தால் பயம் ஏறும். வராவிட்டால் பயத்தைத் தொடாமல் அடக்கத்தை ஏற்றுங்கள். செயலைத் தீர்மானிப்பது இரண்டின் வித்தியாசம், 0க்குக் கீழே போகவிடாதீர்கள். அடக்கத்துக்கு மட்டும் 36,000 படி, அதாவது ஒரு மணி நேர அரை ஆயுள் கொடுத்தால் பயம் மெல்லத் தலைதூக்கும்.